மூன்று நாள் வெல்டர்

முப்பது வருஷம் வெல்டிங் பார்த்த ஆளைக் கண்டு நீங்கள் பயப்பட வேண்டாம். அவர் பாட்டுக்கு இரும்பை ஒட்டுவார், கை கழுவுவார், சாப்பிடப் போய்விடுவார். கற்றுக்கொண்டு மூன்றே நாள் ஆனவன் ஒருத்தன் இருக்கிறானே, அவன் தெருவில் வந்தால் மட்டும் வீட்டு கேட்டைக் கழற்றி உள்ளே ஒளித்துவையுங்கள். அது தனி இனம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ரொம்பச் சுலபம். ரொட்டி வாங்க வரும்போதும் வெல்டிங் முகமூடியைத் தலைக்குமேல் தூக்கிவிட்டுக்கொண்டு வருவான். ரொட்டிக்கடையில் என்ன, நெருப்புப் பொறியா பறக்கிறது? சட்டையில் ஏழெட்டுப் பொத்தல் இருக்கும். ஒவ்வொரு பொத்தலுக்கும் போரில் குண்டடி பட்டதுபோல ஒரு கதை இருக்கும். பஸ்ஸில் ஏறினால் உட்கார மாட்டான், கைப்பிடிக் கம்பி ஒட்டியிருக்கிற இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்து, "யாருய்யா இதை ஒட்டினது, கோழி எச்சம் போட்ட மாதிரி?" என்று டிரைவர் காதில் விழும்படி கேட்பான். தேவாலயத்தில் ஊரே மண்டி போட்டு ஜெபம் பண்ணும்போது இவனும் மண்டி போடுவான். பெஞ்சுக் கால் ஜாயின்ட்டைப் பார்ப்பதற்கு!

எங்கள் குவாத்தெப்பெக் மலைச்சரிவில் இந்த இனம் கொஞ்சம் ஜாஸ்தி. எல்லாம் வோச்சோவால் வந்த வினை. வண்டு மாதிரி முதுகு வளைந்த அந்தக் குட்டிக் கார்தான் எங்கள் ஏற்றத்துக்கு டாக்சி, ஆம்புலன்ஸ், கல்யாண வண்டி, எல்லாம். இஞ்சின் சாகவே சாகாது. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் தரைத் தகட்டைத் துரு தின்றுவிடும். காலுக்குக் கீழே ரோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நீங்கள் வண்டி ஓட்டலாம். எதிரே வரும் நாயின் காதை முதலில் பார்ப்பீர்கள், பிறகு வாலைக் கால் இடுக்கில் பார்ப்பீர்கள். ஆகவே வீட்டுக்கு வீடு ஒரு ஓட்டை வோச்சோ, அதைப் பார்த்து "இதை நானே ஒட்டிடுவேன்" என்று இடுப்பில் கை வைத்து நிற்கும் ஓர் ஆள்.

எங்கள் தெருவில் அந்த ஆள் நபோர். என் மனைவியின் அண்ணன், தொழில் தையல். ஊசியைக் கையில் எடுத்தான் என்றால் தேவதைகளே வரிசையில் நிற்பார்கள். மகள் யுரிதியாவுக்குப் பதினைந்து வயது ஆகிறது, எங்கள் ஊரில் பெண்ணுக்கு அது பாதிக் கல்யாணம் மாதிரி, தேவாலயத்தில் பூசை, ஊர்விருந்து. அதற்குப் பதினோரு அடுக்குப் பாவாடை வைத்து ஒரு கவுன் தைத்தான் பாருங்கள், அதைக் கொடியில் காயப்போட்டபோது மேகம் இறங்கிவிட்டதென்று பக்கத்து வீட்டுக்காரி காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு ஓடினாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம் அல்லவா? நிறுத்தவில்லை. மகளை அழைத்துப் போக ஒரு வோச்சோவையும் தன் கையாலேயே புதுசாக்குவேன் என்றான். அந்தப் பெண்ணும் பள்ளிக்கூடம் முழுக்க, "எங்கப்பா ஒட்டின கார்ல வந்து இறங்குவேன், பாருங்கடி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முதல் நாள் எலுமிச்சம்பழ அளவு ஓட்டையை ஒட்டப் போனான். துருத் தகடு உருகி அது ஆரஞ்சுப் பழம் ஆனது. ஆரஞ்சை மூடப் போய் பப்பாளி ஆனது. மாலைக்குள் அந்த ஓட்டை வழியாக ஓர் ஆடு தாராளமாக வந்து போகலாம். இரண்டாம் நாள், "ஒரே ஒரு பொட்டுதானே" என்று முகமூடி போடாமல் வைத்தான். விளைவு, கண்ணில் மிளகாய் அரைத்துவிட்ட எரிச்சல். உருளைக்கிழங்கு வில்லையை இரண்டு கண்ணிலும் வைத்துப் படுத்துக்கிடந்தான். அப்போதாவது வாய் மூடியதா? பார்க்கப் போன என்னிடம், "மச்சான், உன் மாடிப்படிக் கம்பி சரியில்ல, நான் எந்திரிச்சு வந்து பாக்கறேன்" என்கிறான்.

மூன்றாம் நாள்தான் ரெமெதியோஸ் வந்தாள். தாக்கோ பலகாரம் விற்கிற தள்ளுவண்டிகளை ஒட்டிக் கொடுக்கிறவள். அவள் ஒட்டினது மலையில் உருண்டாலும் பிரியாது. வந்தவள் பார்த்தது என்ன? கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, காரின் இரண்டு பக்கத்துக் கீழ்ச்சட்டத்தையும் அறுக்கக் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"டேய் நபோரு, ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா அறுக்காதடா. ஒரு பக்கம் முடிச்சிட்டு மறுபக்கம் போ. கதவு வாசல்ல ஒரு குழாயைக் குறுக்க ஒட்டிக்க. இல்லேன்னா நடுமுதுகு இறங்கிடும்."

"போக்கா. இருபது வருஷமா வெட்டற கை இது. ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா வெட்டினாத்தான் ரெண்டும் சமமா வரும்."

"அது துணிடா. துணி தொங்கினா அழகு. கார் தொங்கினா?"

"தகடும் ஒரு மாதிரித் துணிதான்க்கா. உனக்குச் சொன்னாப் புரியாது."

அறுத்தான், ஒட்டினான், அரைத்தான், நீலப் பச்சையில் பெயின்ட் அடித்தான். கதவைத் திரும்ப மாட்டியபோது இடித்த இடத்தையெல்லாம் ராவித் தள்ளினான். காலி வண்டியில் கதவு வெண்ணெய் மாதிரி மூடியது. தெருவையே கூப்பிட்டு நாற்பது தடவை திறந்து மூடிக் காட்டினான்.

சனிக்கிழமை காலை. யுரிதியாவின் கவுனைப் பின்சீட்டில் திணிக்க முடியாததால் அவளை முன்னால் உட்காரவைத்தார்கள். பின்னால் அவள் அம்மா எவெலியாவும், ஞானத்தாய் கிறிஸ்பினாவும். கிறிஸ்பினா உட்கார்ந்ததும் வண்டி "அம்மா" என்றது. எங்கள் மலையிலிருந்து தேவாலயம் போகிற வழியில் ஒன்பது வேகத்தடை. ஒவ்வொன்றிலும் ஒரு "டக்". ஒவ்வொரு டக்குக்கும் நடுமுதுகு கொஞ்சம் இறங்கிற்று.

வாசலில் மரியாச்சிப் பாட்டுக்காரர்கள் ஆறு பேர், பள்ளிக்கூடத்துப் பெண்கள் எல்லாம், தீர்த்தக் கிண்ணத்தோடு பாதிரியார். வண்டி வந்து நின்றது. எக்காளம் முழங்கிற்று. கதவு திறக்கவில்லை.

எக்காளம் இரண்டாம் தடவை முழங்கிற்று. திறக்கவில்லை.

நபோர் ஒல்லி, தன் பக்கத்து ஜன்னல் வழியாகப் பல்லி மாதிரி நழுவி வெளியே வந்து, மறுபக்கம் ஓடிக் கைப்பிடியை இழுத்தான். கைப்பிடி கையோடு வந்தது.

"திறக்கும், திறக்கும். புதுக் கதவு, கொஞ்சம் வெக்கப்படுது."

"நான் மட்டும் வெளிய வரட்டும், உன்னை உள்ள வச்சு ஒட்டறேன்" என்றாள் எவெலியா.

பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷந்தான் நபோரு. அடுத்து ஒரு ஞானஸ்நானம் இருக்கு."

கண்ணாடிக்குப் பின்னால் யுரிதியாவின் உதடு துடிக்க ஆரம்பித்தது. "அப்பா, எல்லாரும் பாக்கறாங்கப்பா."

அவன் முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரிப்பு காணாமல் போயிற்று. திரும்பினான். "அக்கா?" என்றான், எங்கேயிருந்தோ குரல் வந்த மாதிரி.

பூசைக்கு வந்திருந்த ரெமெதியோஸ் உடுத்தின பட்டு உடையோடே தரையில் குனிந்து பார்த்தாள். "நடு இறங்கிக் கதவைக் கவ்விக்கிச்சு. நடுவுல தூக்கிப் பிடிச்சா விட்டுடும். வாங்கய்யா, எல்லாரும் கை போடுங்க!"

கிட்டார் கீழே போயிற்று, வயலின் கீழே போயிற்று. ஆறு மரியாச்சி, நான், மணியடிக்கிறவர், போட்டோக்காரர், அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாதிரியார், நபோர், ஆகப் பதினோரு பேர். ரெமெதியோஸ் "ஏய்ய்" என்றாள். தூக்கினோம். கிறீச்சென்று ஒரு சத்தம், கதவு திறந்தது!

ஆனால் பதினோரு அடுக்கு அல்லவா? முதல் அடுக்கு வந்தது, இரண்டாம் அடுக்கு வந்தது. என் இடுப்பு பிடித்துக்கொண்டது. எக்காளக்காரர் முகம் தக்காளி ஆயிற்று.

"சீக்கிரம் இறங்கு தாயி!"

"இன்னும் நாலு அடுக்கு இருக்கு மாமா!"

போட்டோக்காரர் ஒரு கையில் காரைத் தாங்கி, மறுகையால் படமெடுத்தார். கடைசி அடுக்கு வெளியே வந்து விரிந்தது. எந்த ஊரில் எந்த மகாராணி இறங்குவதற்குப் பாதிரியாரே வண்டியைத் தூக்கியிருக்கிறார்? பள்ளிக்கூடத்துப் பெண்கள் கத்திய கத்தலில் புறாவெல்லாம் பறந்தது. நாங்கள் காரைக் கீழே விட்டோம். கதவு பட்டென்று மூடிக்கொண்டது, எவெலியாவையும் கிறிஸ்பினாவையும் உள்ளே வைத்து. மறுபடி தூக்கினோம்.

விருந்தில் பெண்கள் நபோரைச் சூழ்ந்துகொண்டு கவுனைப் பற்றியே கேட்டார்கள். அவன் காதில் வாங்கினால்தானே? "கவுனை விடுங்க, இங்க குனிஞ்சு பாருங்க" என்று ஒவ்வொருத்தியையும் வண்டிக்கு அடியில் எட்டிப் பார்க்க வைத்தான். ரெமெதியோஸ் வாயைத் திறக்குமுன் மார்பைத் தட்டிக்கொண்டான்.

"பதினோரு பேரு ரெண்டு தடவை தூக்கினாங்களே, ஒரு ஒட்டாவது விட்டுச்சா? சொல்லுக்கா!"

அவள் குனிந்து பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். விடவில்லை. ஒன்றுகூட விடவில்லை. மலையிலேயே மிக உறுதியாக ஒட்டப்பட்ட கோணல் கார் அதுதான். அந்த வாரமே எங்கள் தெருவில் மூன்று பேர் வெல்டிங் மெஷின் வாங்கினார்கள்.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்தீர்கள், சரி. ஆனால் நடுவில் எங்கேயோ ஓர் இடத்தில், "சே, நானா இருந்தா ஒரு பக்கம் முடிச்சிட்டுத்தானே மறுபக்கம் போயிருப்பேன்" என்று உங்கள் மனசு சொல்லிற்றா இல்லையா? இரும்பை ஒருநாள்கூடத் தொடாமலே சொல்லிற்றா? அப்படியானால் உங்கள் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது, உருளைக்கிழங்கு வாங்கி வையுங்கள்.