உடையவர் வரும்வரை

"மேசையை மட்டும் விட்டுட்டுப் போயிடுங்க. எங்க வீட்டுக்காரர் கேட்டா, அப்புறமா வந்து எடுத்துக்கறோம்னு சொல்லுங்க. மறந்துகூட 'வேணாம்'னு சொல்லிடாதீங்க."

நாங்கள் வாங்கவிருந்த வீட்டை விற்கும் தையல்காரம்மாவிடம் அக்கா இப்படிச் சொன்னது, தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போன என் காதில் விழுந்தது. பத்திரப் பதிவுக்கு இன்னும் சில நாள் இருந்தது. நான் தண்ணீர் குடிக்காமலே திரும்பிவிட்டேன். அக்கா வீட்டில் தங்கிப் படிப்பவள் நான். அக்கா சொன்னதை அத்தானிடமோ, அத்தான் சொன்னதை அக்காவிடமோ கொண்டுபோவதில்லை.

எல்லாம் அந்தப் பின்னறையால் வந்தது. சின்ன அறைதான். ஆனால் கதவு உண்டு, கதவுக்குத் தாழ்ப்பாளும் உண்டு. முதல்முறை வீடு பார்க்க வந்த அன்றே அத்தான் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தார்.

"இது என் ரூம். ஞாயித்துக்கிழமை சாய்வு நாற்காலியைப் போட்டுக் கதவைச் சாத்திக்கிட்டேன்னா, இடி விழுந்தாலும் வெளியே வரமாட்டேன்."

"தாராளமா எடுத்துக்கோங்க," என்றாள் அக்கா.

அவள் இவ்வளவு சுலபத்தில் சம்மதித்தது அத்தானை உஷாராக்கியிருக்க வேண்டும். ஆக்கவில்லை.

அக்கா துணி தைத்துக் கொடுப்பவள். வாடகை வீட்டில் கூடத்துத் தரையில் மண்டியிட்டுத்தான் துணி வெட்டுவாள். நாங்கள் எல்லோரும் துணியைத் தாண்டித் தாண்டிப் போவோம். ஒருமுறை ஒரு வாடிக்கையாளரின் சட்டை, முதுகில் அத்தானின் கால்தடத்தோடு போய்ச் சேர்ந்தது. அக்காவுக்கு வேண்டியது ஓர் அறையும், நின்றபடி வெட்ட ஒரு மேசையும். இந்த வீட்டில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன.

சாவி கைக்கு வந்த அன்று உள்ளே போனோம். போனவர்கள் பல்புகளைக்கூட விட்டுவைக்கவில்லை. சுவரில் இருந்த ஆணிகளையும் பிடுங்கியிருந்தார்கள். பின்னறையில் மட்டும் மேசை, சுவருக்குச் சுவர், யானை படுத்த மாதிரி கிடந்தது.

"ஆணியைப் பிடுங்கத் தெரிஞ்சவங்களுக்கு இது கண்ணுலயே படலையா?" என்று கத்தினார் அத்தான்.

"விடுங்க. தெருவுல தூக்கிப் போட்டுடலாம்," என்றாள் அக்கா.

அத்தானின் முகம் மாறியது.

"தூக்கிப் போடறதா? யாரோட பொருளை யார் தூக்கிப் போடறது?"

அத்தானின் வேலை அப்படி. பேருந்து நிலையத்தில், பயணிகள் தவறவிட்ட பொருள்களைக் காக்கும் அறைக்கு அவர்தான் பொறுப்பு. குடைகள், டிபன் பாக்ஸ்கள், ஒற்றைச் செருப்புகள் எல்லாம் அவரை நம்பித்தான் இருக்கின்றன. யாரோ விட்டுப்போன பல்செட் ஒன்று வருஷக்கணக்காக அலமாரியில் இருந்து அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. உடையவர் வரும்வரை ஒரு குண்டூசியைக்கூட நகர்த்தமாட்டார். உடையவர் வந்தால் மறுபேச்சில்லாமல் ஒப்படைப்பார். அவருக்கு இருக்கும் விதிகள் இந்த இரண்டுதான்.

தையல்காரம்மாவுக்குப் போன் போட்டார்.

"ஐயோ, வேணும் சார்! அது என் உயிர் மாதிரி. இடம் பண்ணிட்டு வந்து எடுத்துக்கறேன். பத்திரமா பாத்துக்கோங்க."

போனை வைத்த அத்தான், கோவிலைச் சுற்றுவது போல மேசையை ஒரு சுற்றுச் சுற்றிவர முயன்றார். சுற்ற இடமில்லை. சாய்வு நாற்காலி கூடத்தில், ஃபிரிட்ஜுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது.

அடுத்த வாரமே மேசைமேல் நீலத்துணி விரிந்திருந்தது.

"என்ன இது? அடுத்தவங்க பொருளை உபயோகிக்கக் கூடாது!"

"யார் உபயோகிச்சா? தூசி படாம துணி போட்டு மூடியிருக்கேன்."

"மூடினது சரி. கையில எதுக்குக் கத்தரி?"

"துணி பெரிசா இருக்கு. ஓரத்தை வெட்டறேன்."

"ஓரத்தை வெட்டினா எப்படிம்மா நடுவுல கழுத்து வரும்?"

"யாரோ பஸ்ல விட்டுட்டுப் போன கிளிக்கு நீங்க தினமும் கொய்யாப்பழம் நறுக்கிப் போட்டீங்களா, இல்லையா?"

"அது உயிருள்ளது!"

"அந்தம்மாவும் இதை உயிர்னுதானே சொன்னாங்க?"

அத்தான் என்னைப் பார்த்தார். "நீயே சொல்லு பாப்பா, இது நியாயமா?" நான் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினேன்.

ஃபிரிட்ஜ் உறுமும்போதெல்லாம் விழித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, அத்தான் ஒரு முடிவுக்கு வந்தார். பொருளை நகர்த்தத்தான் கூடாது. உடையவரை நகர்த்தக் கூடாதென்று யார் சொன்னது? பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் பால்கனிக்குப் போய், கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு போன் செய்தார்.

"அம்மா, மேசையில கரையான்! உடனே வாங்க. அப்புறம் நான் பொறுப்பில்ல!"

பால்கனி பின்னறையை ஒட்டி இருந்தது. அக்காவின் கத்தரிச் சத்தம் ஒரு கணம்கூட நிற்கவில்லை.

மறுநாள் காலை வாசலில் வேன் வந்து நின்றது. அத்தான் துள்ளி எழுந்தார். வாசல்கதவை இரண்டு பக்கமும் திறந்தார். சாய்வு நாற்காலியை மடக்கிப் பின்னறைப் பக்கமாகச் சாத்தியும் வைத்துவிட்டார்.

தையல்காரம்மா ஒரு கையில் கரையான் மருந்தோடு வந்து, மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"கரையான் எங்க சார்?"

"அது... போயிடுச்சு."

"சொல்லாமலா?"

அக்கா அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது.

"சரி, மேசையை எடுத்துக்கோங்கம்மா," என்றார் அத்தான்.

"எப்படி சார் எடுக்கறது? தச்சர் இந்த ரூமுக்குள்ளயே வெச்சுச் செஞ்சது. கதவு வழியா வராது."

"ரெண்டா அறுத்துட்டா?"

"அடுத்தவங்க பொருளையா?" என்றாள் அக்கா.

அத்தான் கதவின் அகலத்தை முழம் போட்டு அளந்தார்.

"புது வீட்டுல எனக்குத் துணி விரிக்கக்கூட இடமில்ல சார்," என்றார் தையல்காரம்மா. "மேசை என்கிட்ட வராது. அதனால நான் மேசைகிட்ட வந்துட்டேன். உங்க வீட்டுக்காரம்மா சேர்ந்தே தைக்கலாம்னு சொல்லிட்டாங்க."

வேனிலிருந்து டிரைவர் ஒரு தையல் மெஷினை இறக்கி வாசலில் வைத்தான். பின்னால் இன்னொன்று தெரிந்தது.

"உடையவர் வந்துட்டாங்க. ஒப்படைச்சிடுங்க," என்றாள் அக்கா.

"ஒப்படைச்சா எடுத்துட்டுப் போகணும்!"

"எடுத்துட்டுப் போகணும்னு உங்க விதியில இருக்கா?"

அத்தான் யோசித்தார். இத்தனை வருஷ சர்வீஸில் அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. யோசித்துக்கொண்டே மேசையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

"சார், இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க, கனமா இருக்கு," என்றான் டிரைவர்.

அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, குனிந்து, மெஷினின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினார்.