ருடோவின் கதையை நான் பாராட்டிய விதம்

ஒருவரைப் பாராட்டுவதற்கு நல்ல மனசு இருந்தால் போதும் என்று நினைத்தே பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்டேன். நல்ல மனசோடு, முழு மூச்சாக, இன்னொருவரின் உழைப்பைப் பாராட்டியே கவிழ்த்துவிட முடியும் என்பது ஆக்லாந்து வந்த பிறகுதான் தெரிந்தது. கவிழ்த்தவன் நானே என்பதால், பிள்ளைகளே, இதை என் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். (என் மகளிடம் கேட்டால் நடித்தும் காட்டுவாள்.)

என் மகள் கயலுக்கு யுனிவர்சிட்டியில் கிடைத்த தோழி ருடோ. ஜிம்பாப்வேயில் பிறந்து, சிறு குழந்தையாக இங்கே வந்தவள். கிளென் ஈடனில் இருக்கும் அவள் வீட்டில் தம்பி தங்கைகளின் சத்தத்தில் எழுத முடியாது. அதனால் சனிக்கிழமைகளில் லேப்டாப்போடு பிளாட் புஷ்ஷில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வாள். மறு முனையில் என் மனைவி சுமதி பீன்ஸ் நறுக்குவாள்.

என்னம்மா எழுதுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். பெரிய வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் மாயக்கதை என்றாள். சின்ன வயதில் லைப்ரரியில் இருந்த மாயக்கதைகளை எல்லாம் படித்துத் தீர்த்தவளாம். மந்திரவாதி, பேசும் மரம், டிராகன் எல்லாம் இருந்தன. அவளைப் போல் கறுப்பாக, அவளைப் போல் சுருள் சுருளான முடியோடு ஒரு பெண் மட்டும் எதிலும் இல்லை.

"டிராகனுக்குக்கூட இடம் இருக்கு அங்கிள், எனக்குத்தான் இல்ல," என்றாள்.

அதனால் அவளே எழுத உட்கார்ந்துவிட்டாள். நியாஷா என்ற பெண் யுனிவர்சிட்டி ஹாஸ்டலில் சேர்கிறாள். லெக்சரர் அவள் பெயரை நாளுக்கு ஒரு விதமாகக் கொலை செய்கிறார். லைப்ரரி வாசலில் செக்யூரிட்டி அவளிடம் மட்டும் அடையாள அட்டை கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்டலில் துணி துவைக்கும் அறையில் கறுப்பினப் பெண்கள் சிலர் கூடி, ஒருவர் தலையை ஒருவர் பின்னிவிடுகிறார்கள். மந்திரமே அந்தப் பின்னலில்தான். தலையோடு ஒட்டி வளைந்து வளைந்து ஓடும் அந்தக் கோடுகள், லைப்ரரிக்கு அடியில் முன்னோர்களின் குரல் அடைபட்டிருக்கும் இடத்துக்கு வழி காட்டும். ஆனால் பின்னுகிற தோழிகளில் ஒருத்தி வேண்டுமென்றே தப்பான வழியைப் பின்னுகிறாள். அவள் யார்? வாராவாரம் போன் செய்து நியாஷாவுக்குத் தைரியம் சொல்லும் அண்ணன், உண்மையில் எங்கிருந்து பேசுகிறான்? மொத்தப் புத்தகமும் இந்த இரண்டு ஆணியில்தான் தொங்குகிறது. விடை கடைசி அத்தியாயத்தில்.

சின்னப் பதிப்பகம் ஒன்று அதைப் புத்தகமாகப் போட முன்வந்தது. முதல் பாகம் நன்றாகப் போனால்தான் இரண்டாம் பாகம் என்று அதை நடத்தும் அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார். ருடோ இரண்டாம் பாகத்தையும் பாதி எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெளியீட்டு விழாவில் நான் ஐந்து நிமிடம் பேசவேண்டும் என்றாள். அவள் குடும்பத்துக்கு வெளியே கதையைப் பற்றி முதலில் விசாரித்த ஆள் நான்தானாம்.

இந்த இடத்தில் என் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பத்தாவது. நர்ஸ் வேலைக்கு விசா வாங்கிய சுமதியின் கணவன் என்ற ஒரே தகுதியில் நியூசிலாந்துக்கு வந்து, விரி என்ற பகுதியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அதற்கு முன்னால் கரூரில் மைக் செட் கடையில் வேலை. அங்கே எத்தனையோ நூல் வெளியீட்டு விழாக்களுக்கு ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இலக்கியத்தில் எனக்கு இருக்கும் அறிவு முழுவதும் அந்த ஸ்டூலில் கிடைத்ததுதான்.

அங்கே நான் கண்டது இது. புத்தகத்தைப் படிக்காமல் வந்தவர், அட்டை அழகாக இருக்கிறது, எழுத்தாளரின் தகப்பனார் தங்கமானவர் என்று பேசி உட்கார்ந்துவிடுவார். உண்மையாகப் படித்தவர் முதல் பக்கத்தில் ஆரம்பித்து, கதாநாயகி கிணற்றில் விழுவது வரை மொத்தக் கதையையும் சொல்லுவார். எழுத்தாளர் கண் கலங்கிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்வார். கதையைச் சொல்வதுதான் படித்ததற்குச் சாட்சி. அட்டையைப் பாராட்டும் ஆளாக நான் இருக்கக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

கிடங்கில் நடுவே விடும் ஓய்வு நேரத்துக்கு ஸ்மோக்கோ என்று பெயர். எல்லோரும் பை என்று கறி அடைத்த ஒரு பலகாரத்தைத் தின்னும்போது நான் புத்தகத்தை ஒரு பக்கமும் போன் அகராதியை மறு பக்கமும் வைத்துக்கொண்டு படித்தேன். வாரக்கணக்கில் படித்தேன். ஒரு பக்கத்தைக்கூட விடவில்லை. அந்த அண்ணனின் உண்மை தெரிந்த அன்று ஃபோர்க்லிஃப்டில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்ப மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். சூப்பர்வைசர் வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

விழா கிளென் ஈடன் பக்கம் ஒரு ஹாலில். ருடோவின் அப்பா அம்மா முன்வரிசையில். பின்னால் பள்ளிப் பிள்ளைகளும் காலேஜ் பிள்ளைகளும். பலர் அன்றைக்கென்றே தலையைப் பின்னிக்கொண்டு வந்திருந்தார்கள். ஓரத்து மேசையில் புத்தகங்கள் கோபுரமாக அடுக்கியிருந்தன. நான் தீபாவளிச் சட்டையில் மைக் முன்னால் போய் நின்றேன்.

முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், நிதானமாக, கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். சனம் புன்னகையோடு கேட்டது. நன்றாகப் போகிறது என்று தைரியம் வந்தது. அப்போதுதான் தப்பு வழி பின்னிய தோழி யார் என்று பெயரைச் சொன்னேன்.

ஹாலில் எல்லோரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். ஒரு பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பள்ளிச் சீருடையில் ஒரு பையன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். எனக்கு மெய்சிலிர்த்தது. கரூரில் எந்தப் பேச்சாளருக்கும் இப்படி ஒரு கூட்டம் கிடைத்து நான் பார்த்ததில்லை.

பின்வரிசையில் கயல் கழுத்தில் கையை வைத்து வெட்டிக்காட்டினாள். நேரம் முடிகிறது என்கிறாள் போல என்று நினைத்தேன். (பொறுப்பான மகள்.) அதனால் நடுவில் இருந்ததை எல்லாம் விட்டுவிட்டு நேரே கடைசி அத்தியாயத்துக்குத் தாவி, அந்த அண்ணன் எங்கிருந்து பேசுகிறான் என்பதையும் சொல்லி முடித்தேன். எங்கிருந்து என்பதை இங்கே எழுதமாட்டேன். அதற்குத்தான் இவ்வளவு பாடுபட்டோம்.

கை தட்டுவார்கள் என்று காத்திருந்தேன். பதிப்பக அம்மாள் வாயைப் பொத்தியிருந்தார். மேசைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண், கையில் எடுத்து வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்தாள், அப்புறம் அதைத் திரும்ப அடுக்கின்மேல் வைத்தாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு ஏதோ உறைத்தது. சுமதியைத் தேடினேன். அவள் கைப்பையைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

ருடோ எழுந்து வந்தாள். என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கினாள்.

"அங்கிளுக்கு நன்றி," என்றாள். "அவர் சொன்ன கதை ரொம்ப நல்லா இருக்கு. ஆனா நான் எழுதினது அது இல்ல."

யாரோ லேசாகச் சிரித்தார்கள். அங்கிள் அகராதி வைத்துப் படித்தார், எங்கேயோ வழி மாறிப் போய்விட்டார் என்று அவளும் சிரித்தபடியே சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இல்லையா அங்கிள்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வரி விடாமல் படித்தவன் நான். எந்தப் பக்கத்தில் எது வருகிறது என்றுகூடச் சொல்வேன். இத்தனை பேர் முன்னால் என்னைப் படிக்கத் தெரியாதவன் என்கிறாளே என்று முகமெல்லாம் சூடாகிவிட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு உதட்டில் மட்டும்தான் இருந்தது. கண்ணில் இரண்டாம் பாகம் முழுவதும் நின்றது.

"ஆமா," என்றேன். "எனக்கு இங்கிலீஷ் சரியா வராது. தப்பாப் படிச்சிட்டேன்."

ஹால் மூச்சு விட்டது. பாதி எழுந்த பையன் மட்டும் விடவில்லை. அப்படியானால் அந்த அண்ணன் என்ன ஆனான் என்று என்னையே கேட்டான்.

"எந்த அண்ணன்?" என்றேன். "கதையில அண்ணன் வர்றானா?"

ஹாலே குலுங்கிச் சிரித்தது. ருடோவின் அப்பா தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். புத்தகத்தைத் திரும்ப வைத்த பெண் அதே புத்தகத்தை மறுபடி எடுத்தாள். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். உற்சாகத்தில், இது சமையல் புத்தகம் என்றுதான் நினைத்தேன் என்று வேறு சொல்லிவைத்தேன். கயல் வந்து என்னை மேடையிலிருந்து இழுத்துக்கொண்டு போனாள்.

கார் பார்க்கில் ருடோ ஓடி வந்தாள். "நீங்க முழுசாப் படிச்சது எனக்குத் தெரியும் அங்கிள். சாரி," என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். நான்தான் சாரி சொல்ல வேண்டியவன். அது தோன்றாமல், அந்தத் துரோகியை அடுத்த பாகத்தில் சும்மா விடாதே என்றேன். அழுகையோடு சிரித்தாள்.

மேசையில் இருந்த புத்தகம் அன்றே தீர்ந்துவிட்டது. படித்து முடித்த பிள்ளைகளுக்கு நான் சொன்னது அத்தனையும் சரி என்று தெரிந்திருக்கும். சில மாதம் கழித்து, பால் வாங்கப் போன இடத்தில் ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு, நீங்கள் முழுவதும் படித்திருந்தீர்கள்தானே என்று கேட்டாள். எனக்கு இங்கிலீஷே தெரியாதும்மா என்று இங்கிலீஷில் சொன்னேன். இரண்டாம் பாகம் அச்சுக்குப் போயிருக்கிறது. எனக்குப் படிக்கக் கொடுத்த பிரதியில் கடைசி அத்தியாயம் இல்லை. கேட்டால் பிரின்டர் பழுது என்கிறார்கள்.

ஆனால் அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு பொய்யை எங்கள் வீட்டில் இன்னும் விடவில்லை. நான் எங்கே எதை உளறினாலும் அதைத்தான் எடுத்து விடுகிறார்கள். போன மாதம் சுமதியின் தோழி செல்வியைக் கடையில் பார்த்தோம். செல்விக்குத் தெரியாமல் அவருடைய பிறந்தநாளுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. நான் வாய் நிறையச் சிரித்து, "சனிக்கிழமை உங்க பார்ட்டிக்கு வடை நான்தாங்க சுடறேன்," என்றேன்.

செல்வி திகைத்துப்போய்ச் சுமதியைப் பார்த்தார். சுமதி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அவர் சொல்றதைக் கண்டுக்காத செல்வி," என்றாள். "அவருக்கு இங்கிலீஷ் வராது."

செல்வி என்னைப் பரிதாபமாகப் பார்த்துத் தலையாட்டினார். நான் பேசியது முழுக்க முழுக்கத் தமிழ்.