கிரேஸி பிரெஞ்சில் சொன்னது

ஆம்பூர்,
15.9.1986

அன்புள்ள மச்சான் கிருபானந்தத்துக்கு,

ஆண்டவர் தயவில் நானும் உன் அக்கா மகள் கிரேஸியும் சுகம். பாண்டிச்சேரியில் நீயும் வீட்டாரும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது, இனி வருவது சண்டை.

நீ அனுப்பிய வீடியோ கேசட் வந்தது. பிரான்ஸ் ஆஸ்பத்திரிக்காரர்கள் அடுத்த மாதம் உங்கள் ஊருக்கு நர்ஸ் எடுக்க வருகிறார்கள், இதுவரை எங்கே என்ன வேலை செய்தாய் என்று பிரெஞ்சிலேயே கேட்பார்கள், அதனால் கேசட்டைப் போட்டு, நிறுத்தி நிறுத்தி, படத்தில் நடந்ததை நம் நர்ஸ் கிரேஸி பிரெஞ்சில் சொல்லிப் பழகட்டும் என்று எழுதியிருந்தாய். உனக்கென்ன, எழுதிவிட்டாய். அப்துல் வஹீத் பாயிடம் வீடியோ டெக்கும் கலர் டி.வி.யும் வாடகைக்கு எடுத்து, நேற்று ஆராதனை முடிந்து வந்ததும் கூடத்தில் வைத்தேன். இந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள் டெக் போவதை ஒருவர் பார்த்தால் போதாதா? கோரைப் பாயும் முறுக்குமாகத் தெருவே வந்து உட்கார்ந்துவிட்டது. வந்தவர்களைப் போ என்று சொல்ல முடியுமா? பாடம் நடத்த வந்த பிரெஞ்சு டீச்சர் ஜெயபுஷ்பம் அம்மாவுக்கே கதவோரம்தான் இடம் கிடைத்தது. படமாவது கலரில் வந்ததா என்றால் அதுவும் இல்லை. பிரான்ஸ் கேசட் எங்கள் டெக்கில் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடுமாம்.

படத்தில் ஒரு பெண் பெட்டியில் துணி அடுக்குகிறாள், கோட்டு போடுகிறாள், கைப்பையை மாட்டிக்கொள்கிறாள், அம்மாவை முத்தமிட்டுவிட்டு வாசல் தாண்டிப் போகிறாள். அவ்வளவுதான் கதை. “இன்னாண்ணே, பாட்டு எப்ப வரும்?” என்று ஒரு குரல். அதற்குள் டீச்சர் படத்தை நிறுத்தச் சொன்னார். பார், அந்தக் கைப்பை திரையின் நடுவில் வந்து நின்றுவிட்டது. எங்கள் தோல் தொழிற்சாலையின் பினிஷிங் பிரிவு ரஃபி அகமது சும்மா இருப்பானா? “இருங்கண்ணே, ஓரத்துல கலர் வுட்டிருக்கு பாருங்க. இத யாரு பாஸ் பண்ணது?” என்றான். டான் பழுப்பு என்கிறான் இவன், இல்லை செர்ரிச் சிவப்பு என்கிறான் இவனோடு வேலை செய்யும் ஜியாவுல்லா. கறுப்பு வெள்ளைப் படத்தில் கலருக்கு அடிதடி! நான் மட்டும் ஒழுங்கா? தோலில் குறை கண்டுபிடித்துத் தரம் பிரிப்பதுதானே என் பிழைப்பு. எழுந்து போய் டி.வி.யில் மூக்கை ஒட்டி, இது மாட்டின் கழுத்துத் தோல், சுருக்கம் தெரிகிறது, மூன்றாம் தரம் என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன். எதிர் வீட்டு முனவ்வர் பேகம் ஒருவர்தான் பையைப் பார்க்காதவர். “கட்டிக் குடுத்து அனுப்புறாங்களா? அம்மாக்காரி ஒத்தையா நிக்குதே, பாவம்” என்று மூக்கைச் சிந்தினார்.

டீச்சர் பிரெஞ்சில் ஏதோ கேட்க, கிரேஸி எழுந்தாள். படத்துப் பெண் செய்தது நாலு காரியம். இவள் சொன்னதோ முடிகிற பாடாக இல்லை. போகப் போகக் குரல் கம்மியது. ஒரு எழுத்தும் புரியாத கூட்டம், முறுக்கைக் கடிக்காமல் கேட்டது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இன்னா சொன்னா டீச்சர்?” என்றேன். “ஒரு தப்பு இல்ல. பிரெஞ்சில இறந்தகாலம் ரெண்டு. முடிஞ்சு போனதுக்கு ஒரு மாதிரி, நடந்துகிட்டே இருந்ததுக்கு ஒரு மாதிரி, ரெண்டையும் சரியாச் சொன்னா. ஆனா அவ படத்தப் பத்திச் சொல்லல. மீதிய நீங்களே கேட்டுக்குங்க” என்று கிளம்பிவிட்டார்.

மச்சான், என் வேலையில் இறந்தகாலம் ஒன்றுதான். கத்தி பட்டது, தோல் போச்சு, ஒதுக்கிப் போடு. நடந்துகொண்டே இருந்தது என்று தனியாக ஒன்று இருப்பதை யார் எனக்குச் சொன்னார்கள்? உன் அக்கா போய்ச் சேர்ந்த பிறகு இந்தப் பெண் என் கண் எதிரில்தான் நடமாடிக்கொண்டிருந்தாள். மனதில் என்ன ஓடிக்கொண்டிருந்ததோ, கேட்டால் ‘ஒண்ணுமில்லப்பா’ என்பாள். நேற்று அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குப் போக இஷ்டமில்லை. நீயும் நானும் சேர்ந்துதான் துரத்துகிறோம். ஆகவே அந்த நர்ஸ் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடச் சொல். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

வீட்டாருக்கு என் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், கோபம் உனக்கு மட்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான் தேவானந்தம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் கிரேஸி காபி கொண்டுவந்தாள். நேற்று என்னம்மா சொன்னாய் என்று கேட்டே விட்டேன். “எனக்குப் போவணும்னு ரொம்ப ஆசையா இருந்திச்சுப்பா. நீங்க ஒத்தையா ஆயிடுவீங்களேன்னு சொல்லாமலே இருந்தேன். நேத்து இருந்தவங்களுக்குப் பிரெஞ்சு புரியாதேன்னு சொல்லிட்டேன்” என்றாள். ஆகவே மேலே எழுதிய எதையும் செய்யாதே, பெயர் அப்படியே இருக்கட்டும். நீ தாய்மாமன், உடனே பஸ் ஏறி வந்து என் பக்கத்தில் நில். ‘போய்ட்டு வாம்மா’ என்று நான் அவளிடம் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் காபியில் சர்க்கரை கம்மி என்றுதான் வருகிறது.