சனிக்கு எதற்கு மெழுகு?

அந்த ஐப்பசியில் அனுமந்தன்பட்டிக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து பஸ் கண்டக்டர்களே கும்பிடு போட்டார்கள். தேவாரத்திலிருந்து வந்தார்கள். கம்பத்திலிருந்து வந்தார்கள். தேனிச் சந்தையில் மிளகாய் மூட்டையை இறக்கிய கையோடு காலி லாரியில் தொற்றிக்கொண்டு வந்தார்கள். குமுளிக்கு டிக்கெட் எடுத்திருந்த ஒருவர், எல்லாரும் இறங்குகிறார்களே என்று தானும் இறங்கி, எதற்கென்று தெரியாமலே வரிசையில் நின்று, முடிவில் பாவம் தொலைந்து வீடு போய்ச் சேர்ந்தார். குமுளியில் அவருக்கு இருந்த வேலையும் தொலைந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

வரிசை போய் முடிந்த இடம் ஊருக்கு மேற்கே ஒரு களத்தில் போட்ட பந்தல். பந்தலுக்குள் சூரியானந்த சுவாமிகள். மலைக்கு அந்தப்பக்கம் மலையாள தேசத்தில் பன்னிரண்டு வருடம் தவம் செய்தவராம். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய்வருகிறவர்கள் அவர் மலையாளத்தைக் கேட்டார்கள். அது டீக்கடையில் இரண்டு நாள் உட்கார்ந்தாலே வந்துவிடுகிற மலையாளம். ஆனாலும் சாமியாயிற்றே! சிரிப்பைத் துண்டில் மூடிக்கொண்டு கும்பிட்டார்கள்.

சுவாமிகளின் சித்தாந்தம் சின்னது. சனியின் உலோகம் இரும்பு. சூரியனின் உலோகம் தாமிரம். பந்தல் நடுவே ஒரு பெரிய செம்பு அண்டா, அதில் சூரிய தீர்த்தம், மேலே வேப்பிலை, அதற்கும் மேலே சிவப்புப் பட்டு. பட்டில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. சிஷ்யன் சுந்தர்ராஜ் தாம்பாளத்திலிருந்து ஓர் இரும்பு ஆணியை எடுத்துக் கொடுப்பான். அதைப் பிடித்தபடி கையை உள்ளே விட்டு இருபத்தொரு தடவை சூரியனைக் கும்பிட வேண்டும். கையை எடுத்தால், கறுப்பு ஆணி செக்கச்செவேலென்று தாமிரமாகியிருக்கும்!

"ஆத்தா, சனி எறங்கிருச்சுடி!" என்று பெண்கள் குலவை போட்டார்கள்.

எல்லாருக்கும் இறங்கிவிடாது. சனி பகவானுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. வாழைத்தார், பட்டு வேட்டி, நெய் டின் என்று வருகிறவர்களை விட்டு உடனே இறங்கிவிடுவார். வெறும் கற்பூரத்தோடு வந்தவனைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். அவன் ஆணி கறுப்பாகவே வரும்.

செல்வமணி வெறும் கற்பூரத்தோடு வந்தவன்.

அவனுக்குத் தொழில் திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடிப்பது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்ட யாரும் செல்வமணியின் பம்பு இல்லாமல் காய் பறித்ததில்லை. வருடக்கணக்கில் பூஞ்சை மருந்துக்காக மயில்துத்தம் கரைத்துக் கரைத்து அவன் விரல்களில் நீலம் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆணியை நீட்டிய சுந்தர்ராஜின் கண் அந்த நீல விரல்களில் பட்டது. அவ்வளவுதான், நீட்டிய ஆணியைப் பின்னுக்கு இழுத்தான். சுவாமிகளின் காதில் ஏதோ ஓதினான். தாம்பாளத்தின் இடது ஓரத்திலிருந்து வேறோர் ஆணியை எடுத்துக் கொடுத்தான்.

செல்வமணி பயபக்தியோடு இருபத்தொன்று எண்ணினான். சந்தேகத்துக்கு இன்னும் நாலு சேர்த்தும் எண்ணினான். ஆணி கறுப்பு. கன்னங்கரேல்.

சுவாமிகள் எழுந்தே விட்டார். "மகா சனி! இந்தக் கை தொட்ட கொடி கருகும்! நாற்பத்தெட்டு நாள் இவன் எந்தத் தோட்டத்திலும் கால் வைக்கக் கூடாது!" என்று முழங்கி, அந்த ஆணியைக் கறுப்புக் கயிற்றில் கட்டி அவன் கழுத்திலேயே மாட்டினார்.

மறுநாள் காலை பம்போடு போனவனை ராக்கையா தன் தோட்டத்து வாசலிலேயே நிறுத்தினார். ஊரில் பெரிய பந்தல் அவருடையது.

"மாப்ள, மனசுல வச்சுக்காத. சாமி சொல்லிட்டாக. நாப்பத்தெட்டு நாள் கழிச்சு வா."

"மாமா, மழையில எலைக்கு அடியில வெள்ளப் பூஞ்சை எறங்கியிருக்கு. எட்டு நாளைக்குள்ள மருந்தடிக்கலைன்னா ஒரு குலை மிஞ்சாது."

"நீ அடிச்சா கருகிப்போகும்னு சொல்றாகளே."

"அடிக்காட்டி அழுகிப்போகுமே!"

"அழுகுறது இயற்கை மாப்ள. கருகுறது சனி. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குல்ல?"

செல்வமணி திரும்பி நடந்தான். பத்துத் தோட்டத்திலும் இதே பேச்சு. வேறு ஆளை வைத்தாவது அடிப்போம் என்று ராக்கையா உத்தமபாளையத்துக்கு ஆள் அனுப்பினால், எந்தக் கடையிலும் துத்தம் இல்லை. போன வாரமே எவனோ மூட்டை மூட்டையாக வாங்கிப் போய்விட்டானாம். எவன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்பது நம் ஜனங்களின் வழக்கம்.

தொழில் போன செல்வமணி வீட்டில் உட்கார்ந்து ரசாயனப் புத்தகத்தை எடுத்தான். எஸ்.எஸ்.எல்.சி.யில் மற்றதெல்லாம் தேறியவன், அறிவியலில் மட்டும் ரசாயனப் பகுதியால் நாலு தடவை போனவன். 'சமன்பாட்டைச் சமப்படுத்துக' என்ற கேள்வியில்தான் ஒவ்வொரு தடவையும் வழுக்கி விழுவான். இடப்பக்கம் எத்தனை அணுவோ அத்தனை வலப்பக்கமும் இருக்க வேண்டும். அதற்காக முன்னால் எண் போட்டுக்கொள்ளலாம். இவன் அவசரத்தில், காலடியில் இருக்கிற சின்ன எண்ணை மாற்றிவிடுவான். கணக்கு நேராகிவிடும், ஆனால் பொருள் மாறிப்போயிருக்கும். ஒரு தடவை தண்ணீரையே இப்படி வேறெதுவாகவோ ஆக்கிவிட்டான். தேனி டுடோரியல் வாத்தியார் தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'இதை நீர் குடிப்பீரா?'

அடுப்படியில் குளிருக்கு இதமாகக் குந்தியிருந்து குனிந்து படித்துக்கொண்டிருந்தான். கழுத்து ஆணி அடுப்புக்கு நேரே தொங்கி ஆடியது. சோறு வடிக்க வந்த அவன் மனைவி பூமாரி அப்படியே நின்றாள்.

"ஏங்க! சனி உருகுது!"

ஆணி நுனியிலிருந்து சொட்டு சொட்டாக ஏதோ சாம்பலில் விழுந்தது. பூமாரி ஆணியைப் பிடித்து இழுத்தாள். கூடவே அவன் கழுத்தும் வந்தது. நகத்தால் சுரண்டினாள், மோந்து பார்த்தாள்.

"மெழுகு! தெனமும் கரண்ட் போற ஊருல மெழுகுவத்தி வாசம் எனக்குத் தெரியாதா? சனிக்கு எதுக்குங்க மெழுகு?"

செல்வமணி யோசித்தான். கயிற்றை அறுத்தான். ஆணியைச் சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்தான். கொட்டாங்கச்சியில் தண்ணீர் ஊற்றி, பழைய துத்தப் பையை உதறி அதில் கரைத்து, ஆணியை முக்கினான். இருபத்தொன்று எண்ண வேண்டியிருக்கவில்லை. பத்துக்குள்ளேயே ஆணி செவேலென்று ஆகிவிட்டது. நாற்பத்தெட்டு நாள் சனி ஒரு கொட்டாங்கச்சியில் ஒழிந்தது!

"அடிப்பாவி, பூமாரி! ஒரு நாளைக்குப் பத்துத் தடவ இதத்தான பாக்குறேன்!"

உண்மைதான். மருந்து கலக்கும் முறையே அதுதானே. துத்தத் தண்ணீரோடு சுண்ணாம்புத் தண்ணீரைச் சேர்த்ததும், கொடி கழிக்கிற பளபளப்பான கவாத்துக் கத்தியை முக்கிப் பார்க்க வேண்டும். கத்தி சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அடித்தால் இலை கருகும். சிவக்காவிட்டால் மருந்து சரி. திராட்சைப் பந்தல் போட்ட ஒவ்வொருவனும் இதைச் செய்கிறான். தோட்டத்தில் கத்தி சிவந்தால், "மருந்து சரியில்லலே" என்று வேலையாளைத் திட்டுகிறான். களத்தில் ஆணி சிவந்தால், "பாவம் போச்சு" என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறான். அதே ஆள், அதே துத்தம். நடுவில் ஒரு சிவப்புப் பட்டு!

பூமாரி விடவில்லை. "அது கெடக்கட்டும். இரும்பு எப்படித் தாமிரமாச்சு?"

"ஆகல." செல்வமணி நோட்டை எடுத்தான். இரும்பு, கூட்டல், தாமிர சல்பேட் (அதுதான் துத்தம்), அம்புக்குறி, இரும்பு சல்பேட், கூட்டல், தாமிரம். இடப்பக்கம் எண்ணினான், வலப்பக்கம் எண்ணினான். முன்னாலும் எண் போட வேண்டாம், காலடியிலும் தொட வேண்டாம். தானாகவே சமமாக நின்றது. அவன் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியாய் வந்த சமன்பாடு! எழுந்து நின்று கத்தினான்.

"இங்க பாரு. கூட்டமான பஸ்ஸு. தாமிரம் சீட்டுல உக்காந்து வருது. இரும்பு ஏறுது. முரட்டுப்பய. தாமிரத்த எழுப்பிவிட்டுட்டு அவன் உக்காந்துக்கிருவான். எறங்குன தாமிரம் ஆணி மேல ஒட்டிக்கிரும். ஏறுனது ஒண்ணு, எறங்குனது ஒண்ணு. புதுசா ஒண்ணும் மொளைக்கல. இதுக்குப் பேரு இடப்பெயர்ச்சி. மெழுகு பூசுன ஆணியத் தண்ணி தொட முடியாது, அதான் எனக்குச் செவக்கல."

"அப்ப தாமிரம் மொதல்லயே தண்ணிக்குள்ள இருந்துருக்கு."

"இருந்தாத்தான எறங்கும்!"

"கடையில இல்லாத துத்தம்..." என்று இழுத்தாள் பூமாரி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். சோறு குழைந்துவிட்டது.

"சுண்ணாம்பு போட்டா ஏன் செவக்க மாட்டேங்குது?"

"அது இரட்டை இடப்பெயர்ச்சி. ரெண்டு ஜோடியும் ஆள் மாத்திக்கிரும். தாமிரம் நீலக் களியாப் போயிரும். அப்புறம் ஆணியத் திரும்பிக்கூடப் பாக்காது."

"நான் ரெண்டு குடம் சுண்ணாம்பு கரைக்கிறேன்" என்றாள் பூமாரி.

சனிக்கிழமை. பந்தல் நிரம்பி வழிந்தது. செல்வமணி முன்னால் போய் நின்றான். "சாமி, இன்னொரு தடவ சோதிச்சுப் பாத்துக்கிறேன்" என்றவன், சுந்தர்ராஜ் நீட்டிய ஆணியைத் தொடாமல் இடுப்பிலிருந்து கவாத்துக் கத்தியை எடுத்து அண்டாவில் விட்டான். எடுத்தான். கத்தி சிவப்பு!

சுவாமிகள் அசரவில்லை. லேசான ஆளா அவர்? "பார்த்தீர்களா மக்களே! நாற்பத்தெட்டு நாள் சனி! என் கருணையால் ஒரே வாரத்தில் ஓடிவிட்டது!"

கூட்டம் ஓவென்று கும்பிட்டது. ராக்கையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். செல்வமணி மலைத்துப் போனான். பொய்யை நிரூபிக்க வந்தால் அது மகிமையாகிவிட்டதே!

அவன் இன்னொரு துண்டு இரும்பைக் காட்டினான். "இது காளைமாட்டு லாடம் சாமி. இதுக்கு என்ன பாவம்?" முக்கினான். அதுவும் சிவந்தது.

"காளை ஈசனின் வாகனம்! அதற்கும் மோட்சம்!" என்றார் சுவாமிகள். கூட்டம் மறுபடியும் ஓவென்றது. அந்த உற்சாகத்தில் அவர் ஒரு படி மேலே ஏறிவிட்டார். "எதை வேண்டுமானாலும் முக்கு! எதை வேண்டுமானாலும் ஊற்று! என் தீர்த்தத்தின் சக்தி ஓர் அணுவும் குறையாது!"

"ஊத்தலாமா சாமி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பூமாரி இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். பட்டை விலக்கினாள். மடமடவென்று ஊற்றினாள். இரண்டாவதையும் கவிழ்த்தாள். சுந்தர்ராஜ் ஓடிவந்து தடுப்பதற்குள் செல்வமணி மூங்கில் குச்சியால் கலக்கிவிட்டான்.

"இப்ப சாமியே ஒரு ஆணிய முக்கட்டும்."

"தீட்டு! அபசாரம்!" என்று சுவாமிகள் பின்வாங்கினார்.

காரியத்தைக் கெடுத்தது ராக்கையாவின் பக்திதான். தாம்பாளத்தின் வலது ஓரத்திலிருந்து, அதாவது நல்ல ஆணிகளிலிருந்து, ஒன்றைத் தானே பொறுக்கிக் கொடுத்தார். "முக்குங்க சாமி. இந்தப் பய வாய ஒரேயடியா அடச்சிருங்க. ஏலே, எல்லாரும் எண்ணுங்கலே!"

ஐந்நூறு பேர் சேர்ந்து எண்ணினால் சாமி என்ன செய்வார்? கையை விட்டார். ஒன்று. இரண்டு. சுவாமிகளின் நெற்றியில் விபூதி கரைந்து வழிந்தது. இருபத்தொன்று! கையை எடுத்தார். விரலெல்லாம் ஆகாய நீலக் களி. ராக்கையா துண்டால் துடைத்துப் பார்த்தார். ஆணி முக்கும்போது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"ஆத்தாடி! சாமிக்கே சனி புடிச்சிருச்சு!" என்றாள் ஒரு கிழவி.

ராக்கையா இன்னொன்று முக்கினார். சிவக்கவில்லை. தன் சொந்தக் கத்தியை முக்கினார். சிவக்கவில்லை. அண்டாவுக்குள் குனிந்து பார்த்தார். நாற்பது வருடம் பார்த்த நீலம். நாற்பது வருடம் மோந்த வாசம். மெல்ல நிமிர்ந்தார்.

"ஏலே... இது நம்ம மருந்துலே!"

பந்தல் குலுங்கியது. செல்வமணி தாம்பாளத்தின் இடது ஓர ஆணிகளை அள்ளி, சுரண்டிச் சுரண்டி மெழுகை எல்லார் கையிலும் வைத்தான். சின்னக்கருப்பு என்ற மாட்டு வண்டிக்காரர் பந்தலின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுக் கூவினார்: "அங்கன ஆறு மூட்டை துத்தம் கெடக்குய்யா!" மூட்டைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது சூரியானந்தரையும் காணோம், சுந்தர்ராஜையும் காணோம். களத்து வேலியில் காவித் துணி ஒரு முழம் மட்டும் மாட்டியிருந்தது. அவர்கள் ஓடியதற்கு வேலிமுள்தான் சாட்சி.

ராக்கையா செல்வமணியின் நீலக் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, தோட்டத்துக்கு வா. இந்தக் கைதான் அடிக்கணும்."

"இன்னைக்கே அடிக்கணும் மாமா. கலந்த மருந்து நாளைக்கு ஆகாது. அண்டாவத் தூக்குங்க."

சூரிய தீர்த்தம் மாட்டு வண்டியில் ஏறியது. வேண்டிய மட்டும் தண்ணீர் விட்டு, பம்பில் ஊற்றி, பொழுது சாய்வதற்குள் ராக்கையாவின் பந்தலில் இலை இலையாகப் பொழிந்தது. பூமாரி பம்பு அடித்தாள். செல்வமணி குழாயைப் பிடித்தான். ராக்கையா கொடிக்குக் கொடி பின்னாலேயே வந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மாப்ள, கோவிச்சுக்காத. அப்ப இந்தத் தண்ணியில பாவம் ஒண்ணும் போகாதா?"

"பூஞ்சை போகும் மாமா."

பூஞ்சை போனது. காய் நின்றது. ஆனால் ஐயா, அம்மா, ஒரு சேதி: செந்நிற ஆணி வாங்கிப் போனவர்களில் பாதிப்பேர் இன்னும் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்களாம். "எதுக்கும் இருக்கட்டுமே" என்கிறார்களாம். கொடியில் பிடித்த பூஞ்சைக்குத் துத்தமும் சுண்ணாம்பும் போதும். மண்டைக்குள் பிடித்திருக்கிறதே, அதற்கு எந்தக் கடையிலும் மருந்து கிடைக்காது. அவரவர் தலைக்குள் அவரவரே கலக்கி அடித்துக்கொள்ள வேண்டும்.