சர்வேயர் மாப்பிள்ளை சட்டசபைக்கு நிற்கிறார்

கிரீன் ஆற்றங்கரை, கென்டக்கி
ஆகஸ்ட், 1803

மரியாதைக்குரிய கேலப் அண்ணனுக்கு, தம்பி ஆமோஸ் பணிவுடன் எழுதுவது. நானும் மனைவியும் பிள்ளைகளும் மாடுகளும் ஆண்டவர் தயவில் சுகம். மாப்பிள்ளை லெமுவேலும் சுகம். அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் தங்கை டாபிதாவை அவருக்குக் கட்டிக் கொடுத்தபோது, "கையில திசைகாட்டி வச்சிருக்கிறவன் வழி தவற மாட்டான்டா" என்றீர்கள். அவர் வழி தவறவில்லை அண்ணா, எங்களைத்தான் தவறவிட்டுவிட்டார். இந்த வட்டாரத்தில் நிலம் அளந்த சர்வேயர் அவர் ஒருவர்தான். கோடு வடக்கே போக வேண்டுமென்றால் வடக்கேதான் புறப்படும்; வழியில் எந்த வீட்டிலாவது பன்றிக்கறி பொரிகிற வாசனை வந்தால் மெல்ல அந்தப் பக்கம் சாயும், கறி தீர்ந்ததும் மறுபடி வடக்கே கிளம்பும். விதவை பெக்கம் வீட்டருகே ஊர் எல்லை தொந்தி போட்டிருப்பது இதனால்தான். நிலத்தின் மூலைக்கு ஒரு மரத்தைக் கோடாரியால் கொத்தி அடையாளம் வைக்கிறார்களே, அப்படி இவர் கொத்திய மரங்களில் ஒன்று வெள்ளத்தில் ஆற்றோடு போய்விட்டது. அது எங்கே கரை ஒதுங்கியதோ அதுவரை தன் நிலம் என்று அதன் சொந்தக்காரர் வழக்குப் போட்டிருக்கிறார்.

சிரிக்காதீர்கள், எனக்கும் வழக்கு இருக்கிறது. என் ஊற்றுக்கு மேற்கே நின்ற எல்ம் மரம்தான் எனக்கும் பக்கத்து நிலத்து சைலஸ் கிரப்புக்கும் எல்லை. போன குளிர்காலத்தில் அந்த ஆள் அதை வெட்டி விறகாக எரித்து, வேரையும் தோண்டி எடுத்துவிட்டான். இப்போது மரம் ஊற்றுக்குக் கிழக்கே நின்றதாம், ஊற்று அவனுடையதாம், வேலி போடப்போகிறானாம். வீட்டுக்கும் மாடுகளுக்கும் எங்களுக்கு அது ஒன்றுதான் தண்ணீர். அது போனால் நிலத்தையே விட்டுக் கிளம்ப வேண்டியதுதான், வேறு வழியில்லை. வழக்கு நவம்பரில் வருகிறது. மரம் நின்ற இடத்தைச் சத்தியம் செய்து சொல்லக்கூடியவர் அதைக் கொத்திய மாப்பிள்ளை ஒருவர்தான்.

போய்க் கேட்டேன். "அதுக்கென்ன மச்சான், சொல்லிட்டாப் போச்சு" என்றபடி புகைக்குழாயைப் பற்றவைத்தார். "நாளைக்கு எலெக்‌ஷனுக்கு வருவீங்கல்ல?"

ஆமாம் அண்ணா, மனிதர் சட்டசபைக்கு நிற்கிறார். "உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை இந்த வேலை?" என்றேன்.

"ஜனங்க எல்லைத் தகராறுல தவிக்கிறாங்க மச்சான். யாராவது ஒரு சட்டம் போட வேணாமா?"

"தகராறே நீங்க இழுத்த கோட்டாலதானே?"

"அதான் சொல்றேன், அனுபவம் உள்ள ஆள் வேணும்."

உள்ளேயிருந்து டாபிதா எட்டிப் பார்த்தாள். "அண்ணே, புண்ணியமாப் போகும், ஜெயிக்க வையுங்க. வீட்லயே இருந்தா என் கோழிக்கூட்டையும் ரெண்டா அளந்துருவாரு."

அவரை எதிர்த்து நிற்பவர் கொல்லர் நேதன் பைக். உங்கள் வர்ஜீனியாவைப் போலவே இங்கும் ஷெரிப் முன்னால் நின்று பெயரை உரக்கச் சொல்வதுதான் ஓட்டு. போட்டியிடும் இருவரும் பக்கத்திலேயே உட்கார்ந்து நம் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நில எல்லையெல்லாம் ஒருவர் தலைக்குள் இருக்கிறது, குதிரை லாடமெல்லாம் மற்றவர் கையில் இருக்கிறது. நிலத்துக்குப் பயந்தவர்கள் பாதி, குதிரைக்குப் பயந்தவர்கள் பாதி என்று ஊர் பிரிந்து கிடக்கிறது. இருவருமே ஆளுக்கொரு பீப்பாய் விஸ்கி திறந்திருப்பதால் பயம் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது.

நான் எதற்கும் பயப்படுவதாக இல்லை. அளக்கத் தெரியாதவனைச் சட்டம் போட அனுப்பிய பாவம் எனக்கு வேண்டாம். நாளைக்கு ஷெரிப் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி "நேதன் பைக்" என்று சொல்லப்போகிறேன். ஊற்று போனாலும் போகட்டும், மானம் போகக்கூடாது.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் மூட்டுவலி தணிந்து, புகையிலை புழு விழாமல் விளைய ஆண்டவர் அருள்வாராக.

யாருக்கும் தலைவணங்காத தம்பி,
ஆமோஸ் ப்ரூயிட்

பின்குறிப்பு: தபால் கொண்டுபோகிறவன் இன்னும் வரவில்லை, அதனால் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். என் முறை வந்தபோது இருவரும் சமமாக இருந்தார்கள். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. ஷெரிப், "யாருக்கு ஆமோஸ்?" என்றார். மாப்பிள்ளை என் முகத்தையே பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தினேன். "லெமுவேல் ஹார்க்னஸ்" என்று ஆற்றுக்கு அக்கரையில் கேட்கிற மாதிரி சொன்னேன். அவர் எழுந்து, குனிந்து வணங்கி, "ரொம்ப நன்றி மச்சான்" என்றார். வெட்கம் பிடுங்கித் தின்றாலும், ஊற்றாவது மிஞ்சியதே என்றிருந்தது. கூட்டம் கலைந்ததும் நவம்பர் வழக்கை ஞாபகப்படுத்தினேன்.

"நவம்பரா? அப்ப சபை கூடியிருக்குமே மச்சான். தலைநகர்ல இருப்பேன், எந்தக் கோர்ட்டும் என்னைக் கூப்பிட முடியாது" என்று என் தோளைத் தட்டினார். "தோத்திருந்தா கண்டிப்பா வந்திருப்பேன்."

உங்கள் வீட்டில் ஆறு பேர் படுக்க இடமிருக்குமா என்று அண்ணியிடம் கேட்டு எழுதவும்.