பூரான் வக்கீல் பிடித்த தம்ளர்

"ஐப்பசி, திங்கள். விடியும்போதே மழை. குளியலறையில் பூரான். அடித்தேன். வீட்டுக்காரர் துக்கம் விசாரிக்க வந்தவர்போல் வாசலில் நின்றார்."

அன்றன்று நடந்ததை நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் குறித்துவைப்பது என் வழக்கம். இராஜபாளையத்தில் நாங்கள் வாடகைக்குக் குடியேறிய மாதத்துத் தாள் இது.

அந்த வீட்டுக்காரரைத் தெருவே 'பூரான் வக்கீல்' என்றுதான் அழைத்தது. அவர் கோர்ட் வாசலை மிதித்தவரில்லை. பேண்டேஜ் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் பூரானுக்காக வாதாட உலகத்தில் ஒரே ஒருவர் பிறந்திருக்கிறார் என்றால், அது அவர்தான். மற்ற வீட்டுக்காரர்கள் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பார்கள். இவர் பூரானை அடிக்கக் கூடாது என்றார்.

வீட்டில் பூரான் தென்பட்டால் அவரைக் கூப்பிட வேண்டும். ஒரு கையில் எவர்சில்வர் தம்ளரும் மறு கையில் பழைய கல்யாணப் பத்திரிகையுமாக வருவார். தம்ளரைக் கவிழ்த்து, பத்திரிகையை அடியில் செருகி, நிமிர்த்தி, அதை எதிரே உள்ள தென்னந்தோப்பில் விட்டுவிட்டு வருவார். கரப்பான்பூச்சியைத் தின்கிற பிராணியைக் கொல்லலாமா என்று அதற்குப் பிறகு நமக்கு அரைமணி நேரம் வகுப்பு நடக்கும். அதற்கு நூறு கால் என்று யாராவது சொல்லிவிட்டால் வகுப்பு ஒருமணி நேரமாகும். ஜோடிக் கணக்கு எப்போதும் ஒற்றைப்படையில்தான் வருமாம். ஐம்பது ஜோடி என்பது எந்தப் பூரானுக்கும் அமையாதாம். சந்தேகப்பட்டு நான் புத்தகங்களைப் புரட்டினேன். சரியாகத்தான் இருந்தது.

அவருடைய பெரிய வழக்கு வேறு. எங்கள் பக்கத்தில் உடம்பில் எது தடித்தாலும் அது பூரான் கடிதான். கருவாடு ஒத்துக்கொள்ளாமல் அரித்தாலும் சரி, புதுச்சட்டை உறுத்தினாலும் சரி, விஷக்கடி என்று வேப்பிலை அடித்து மந்திரித்துவிட்டு வருவார்கள்.

"அது வாயால கடிக்கவே கடிக்காது தம்பி. தலைக்குக் கீழ முன்னங்கால் ரெண்டு இருக்குல்ல, அதான் கொடுக்கு. அதால கிள்ளும். கிள்ளுனா ரெண்டு புள்ளி தெரியும். புள்ளி இல்லையா, கேஸ் தள்ளுபடி" என்பார். பெரிய பூரான் கிள்ளினால் வலி உயிர் போகும் என்பதை மட்டும் குரலைத் தாழ்த்தி ஒப்புக்கொள்வார்.

என் மனைவிக்குத் தாய்வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். பிரசவம் முடிந்து குழந்தையோடு திரும்பியபோது என் மாமியாரும் கூடவே வந்து தங்கினார். பூரானுக்குப் பட்டா கொடுத்திருக்கிற வீட்டில் பேத்தியைத் தனியாக விட அவருக்கு மனமில்லை.

அடுத்த ஐப்பசியில், ஒரு புதன்கிழமை காலையில், சேலைத் தொட்டிலில் கிடந்த குழந்தை வீறிட்டது. தூக்கிப் பார்த்தால் தொடையெல்லாம் சிவந்த தடிப்பு. தொட்டிலுக்கு நேர்கீழே, தரையில், விரல் நீளத்தில் ஒரு பூரான்.

"ஏட்டி, நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று மாமியார் பூரானை அடிக்க, வாசல் பெருக்கும் வாரியலை எடுத்தார். அதற்குள் வக்கீல் வந்துவிட்டார். குழந்தையைப் பார்த்தார். அவருடைய சட்டமெல்லாம் அந்த நொடியிலேயே மறந்துபோயிற்று. முகம் வெளிறி, "தம்பி, ஆட்டோ" என்றார். பூரானைத் தம்ளரில் பிடித்து, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று கையோடு எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார்.

குழந்தையை முதலிலிருந்து பார்த்த டாக்டர் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருந்தார். மழையில் அரித்த சாலையில் ஆட்டோ துள்ளித் துள்ளிப் போனது. தம்ளர் வாயில் கல்யாணப் பத்திரிகை. அதன்மேல் அவர் உள்ளங்கை. மழைச்சாரலில் பத்திரிகை நனைந்து தொய்ந்தது. வழியில் ஒருமுறை அவர் உடம்பு தூக்கிப்போட்டது. பள்ளம் என்று நினைத்துக்கொண்டேன்.

"வக்கீலய்யா, பிள்ளைக்கு ஒண்ணுன்னா உங்களையும் அதையும் சேத்தே நசுக்கிருவேன்" என்றார் மாமியார்.

"நசுக்குங்க தாயி" என்றார் அவர். அவர் எதிர்வாதம் செய்யாமல் நான் பார்த்த நாள் அது ஒன்றுதான்.

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தடிப்புகளை ஒவ்வொன்றாகத் தடவினார். தொட்டிலில் பால் சிந்தியிருந்ததா என்று கேட்டார். சிந்தியிருந்தது. சிவப்பெறும்புக் கடி, பயப்பட ஒன்றுமில்லை, களிம்பு போதும் என்றார். குழந்தை அவருடைய ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுத்துச் சிரித்தது.

"ரெண்டு புள்ளி இருக்கான்னு பாத்தீகளா அண்ணாச்சி?" என்று என் மனைவி வக்கீலைக் கேட்டாள். கண்ணில் நீரோடு சிரித்துக்கொண்டே கேட்டாள்.

வக்கீல் சுவரில் சாய்ந்து நின்று வேட்டி முனையால் முகத்தைத் துடைத்தார். பிறகு வெளியே போய், ஆஸ்பத்திரி வேலிப்பக்கம் தம்ளரைக் கவிழ்த்துவிட்டு வந்தார். திரும்பும்போது மாமியாரே அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் இடது கையால் வாங்கினார்.

வலது கட்டைவிரல் வீங்கியிருந்தது. பிடித்துப் பார்த்தேன். அடியில் இரண்டு சிவந்த புள்ளிகள், பக்கம் பக்கமாக. டாக்டரிடம் காட்டலாம் என்று இழுத்தேன்.

"வேலி முள்ளு தம்பி" என்று கையைப் பின்னால் வைத்துக்கொண்டார்.

அன்றைய நாள்காட்டித் தாளில் இப்படிக் குறித்திருக்கிறேன்: "புதன். குழந்தை நலம். அண்ணாச்சி விரலில் முள் என்கிறார். ஆஸ்பத்திரி வேலியில் முள்செடி உண்டா என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை." எத்தனையோ முறை அந்த வழியாகப் போய்வந்தும் நான் அதைப் பார்க்கப் போகவில்லை.