பொம்மை எண் நான்கு

தந்தையாகிவிட்ட ஊழியர்கள் தந்தையாகவே நடந்துகொள்ள வேண்டும் என்று நெய்வேலியில் ஓர் அலுவலகம் ஏகமனதாகத் தீர்மானித்தது. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். சொன்னால் எனக்கு ஒரு மெமோ வரும்; படித்ததற்காக உங்களுக்கும் ஒன்று வரலாம். தீர்மானத்துக்குக் காரணம் இருந்தது. போன வருஷம், மனைவி பிரசவத்துக்கென்று பதினைந்து நாள் லீவு வாங்கிய ஒரு பெர்மனென்ட் ஊழியர், வடலூர் டீக்கடையில் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படித்ததை மேலதிகாரி ஒருவர் தம் கண்ணாலேயே பார்த்துவிட்டார். ஆபீஸ் நேரத்தில் மேலதிகாரிக்கு வடலூர் டீக்கடையில் என்ன வேலை என்பது இந்தக் கதைக்குச் சம்பந்தமில்லாதது.

ஆகவே சுற்றறிக்கை வந்தது. 'பொறுப்புள்ள தந்தைமைத் திட்டம்' என்று பெயர். லீவு உண்டு. ஆனால் அந்தப் பதினைந்து நாளும் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை குழந்தை வளர்ப்புப் பயிற்சிக்கு வர வேண்டும். அப்போதுதானே லீவு வீணாகாது. கான்ட்ராக்ட் தொழிலாளிகளுக்கு இது பொருந்தாது. அவர்களும் குழந்தை பெறுகிறார்கள் என்பதற்கு அந்தச் சுற்றறிக்கையில் ஆதாரம் எதுவும் இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் மதிவாணனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்த அலுவலகத்தின் சுரங்கத்தில் பெல்ட் பிரிவில் பெர்மனென்ட் வேலை. ஒரு ஷிஃப்டில் ஆயிரக்கணக்கான டன் பழுப்பு நிலக்கரி கண்ணெதிரே ஓடும். அசராமல் நின்று பார்ப்பான். அப்பேர்ப்பட்டவன் இரண்டே முக்கால் கிலோ மகளைக் கையில் வாங்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டான். சந்தோஷம்தான். சந்தோஷத்துக்கு இவ்வளவு பயம் இருக்கும் என்று யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

மனைவி வெண்மதிக்கு ஆபரேஷன். தையல் போட்ட வயிற்றோடு குனிய முடியாது, நிமிரவும் முடியாது. மதிவாணனுக்குத் தாய் இல்லை. மாமியார் ராஜாம்பாள் பண்ருட்டியில் முந்திரிக் கம்பெனியில் இருந்தாள். சீசன் முடியப் பதினைந்து நாள் ஆகும், அதுவரை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மாப்பிள்ளையும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சரி என்றான். மறுநாள்தான் சுற்றறிக்கை கைக்கு வந்தது.

"வூட்ல புள்ள கெடக்குது, புள்ள வளக்கறது எப்டின்னு கத்துக்கப் போறீங்களா?" என்றாள் வெண்மதி.

"போவலைன்னா லீவு கெடையாதுன்றாங்க."

"போனா அது லீவா?"

மதிவாணன் சுற்றறிக்கையைத் திருப்பிப் பின்பக்கமும் தேடிப் பார்த்தான். அங்கே சீல் மட்டும்தான் இருந்தது.

பயிற்சியை நடத்தியவர் குடும்ப நல அதிகாரி கோபாலகிருஷ்ணன். தந்தைமை பற்றி முந்நூறு ஸ்லைடு வைத்திருந்தார். முதல் நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே வீட்டிலிருந்து போன். மகள் ஹரிணிக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ ஃபாரம் நிரப்ப வேண்டுமாம். "ஏம்மா, அவ இப்ப ஏழாவதா, எட்டாவதா?" என்று மனைவியிடம் தணிந்த குரலில் கேட்டுக்கொண்டு, ஸ்லைடு பதினொன்றுக்குத் திரும்பினார். பிள்ளைகளின் வளர்ச்சியை நாள்தோறும் கவனிப்பது எப்படி என்பது ஸ்லைடு பதினொன்று.

பயிற்சிக்கு வந்திருந்த பத்துத் தந்தையருக்கும் ஆளுக்கொரு ரப்பர் பொம்மை வழங்கப்பட்டது. ஒவ்வொன்றின் காலிலும் ஒரு தகர வில்லை, அதில் நம்பர். மதிவாணனுக்கு வந்தது பொம்மை எண் நான்கு. குளிப்பாட்ட வேண்டும், துடைக்க வேண்டும், தோளில் போட்டுத் தட்ட வேண்டும். எல்லாவற்றையும் நேரம் குறித்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். மாலையில் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காலையில் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பொம்மை அழவும் செய்யும், பேட்டரி போட்டால். பேட்டரிக்கான டெண்டர் இன்னும் திறக்கப்படாததால் பத்துப் பொம்மைகளும் நல்ல பிள்ளைகளாக இருந்தன.

இரண்டு நாள் இப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் காலை வெண்மதிக்குத் தையல் சுருக்கென்று பிடித்து இழுத்தது. கட்டிலில் உட்கார்ந்தபடியே வலியில் அழுதாள். மதிவாணன் குழந்தையை ஒரு கையிலும் பொம்மையை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, எதைக் கீழே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

அழுது முடித்ததும் அவளே வழி சொன்னாள். "பொம்மைய இங்க போட்டுட்டு இவளத் தூக்கிகினு போங்க. நான் சித்த நேரம் படுக்கறேன். டீ டைம்ல கொண்டாங்க, பால் குடுக்கறேன்."

பயிற்சிக்கூடம் குவார்ட்டர்ஸுக்குப் பின்தெருதான். தகர வில்லை பொம்மையின் காலிலிருந்து மகளின் காலுக்கு மாறியது. வாசலில் செக்யூரிட்டி வில்லையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். நம்பர் சரியாக இருந்தது. ஆகவே குழந்தையும் சரியாக இருந்தது. பதினொன்று, ஒன்று, மூன்று என்று டீக்கும் சாப்பாட்டுக்கும் மணி அடிக்கிறபோதெல்லாம் மதிவாணன் வீட்டுக்கு ஓடிப் பால் கொடுக்க வைத்துத் திரும்பினான். ஆபீஸ் இடைவேளை ஓர் உயிருக்குப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை.

பன்னிரண்டு மணிக்கு எண் நான்கு வீறிட்டு அழுதது.

கோபாலகிருஷ்ணன் திடுக்கிட்டார். அழுததற்காக அல்ல. "யாரு பேட்டரி போட்டது? சாங்ஷன் இல்லாம எப்படிப் போட்டீங்க?"

ஸ்டோர் கீப்பர் கலியமூர்த்தி வரவழைக்கப்பட்டார். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். எண் நான்கைக் கையில் வாங்கினார், புரட்டிப் பார்த்தார். அது அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டது. கலியமூர்த்தி மதிவாணனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எதுவும் நடக்காதது போல, "பேட்டரி எதுவும் இல்லிங்க சார். அதுவா ஓடுது" என்றார்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. மின் சிக்கனம் என்று மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்தார். குறிப்பு முடிவதற்குள், மேஜைமேல் கிடத்தியிருந்த எண் நான்கு மேஜையை நனைத்துவிட்டது. உடனே குறிப்பு மாறியது: 'நீர்க்கசிவு உள்ளது. பெட்டியில் அடைத்து, பழுது பார்க்கச் சென்னைக் கம்பெனிக்கு உடனே அனுப்பவும்.' அட்டைப்பெட்டியும் வந்துவிட்டது.

மதிவாணனுக்கு உயிரே போய்விட்டது. லீவு போனால் போகட்டும், வேலையே போனாலும் போகட்டும் என்று எழுந்து வந்து குழந்தையை வாரி எடுத்துக்கொண்டான். "சார், இது பொம்மை இல்ல. எம் பொண்ணு சார்."

கோபாலகிருஷ்ணன் கண் கலங்கிவிட்டார். "பாத்தீங்களா? இதுதான். இதுதான் இந்தத் திட்டத்தோட வெற்றி. மூணே நாள்ல பொம்மையச் சொந்தப் பிள்ளையா நினைக்க ஆரம்பிச்சிட்டாரு. எல்லாரும் கை தட்டுங்க."

கைதட்டினார்கள். ஆனாலும் பொம்மை சென்னை போயாக வேண்டும். அப்போது கலியமூர்த்திதான் பணிவாக விதியை எடுத்துச் சொன்னார். பொருள் வெளியே போக கேட் பாஸ் வேண்டும், மூன்று நகல், மூன்று கையெழுத்து, ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை பழுதான பொருள் உபயோகிப்பவர் பொறுப்பிலேயே இருக்க வேண்டியது. அந்த அலுவலகத்தின் தாமதத்தை நாமெல்லாம் எவ்வளவு திட்டியிருப்போம். அன்றைக்கு அதுதான் ஒரு பிள்ளையைக் காப்பாற்றியது.

அதற்குப் பிறகு எண் நான்கு தினமும் வந்தது. ஒரு விஷயம் மதிவாணனுக்குப் புரிந்தது. எப்படி அழுதாலும், கோபாலகிருஷ்ணன் பேச ஆரம்பித்தால் ஐந்தே நிமிஷத்தில் குழந்தை தூங்கிவிடும். மற்ற ஒன்பது தந்தையரும் அப்படித்தான். அவர் பேச்சை போனில் பதிவு செய்துகொண்டான்.

பதினைந்தாம் நாள் எழுத்துத் தேர்வு. குழந்தை அழுதால் தந்தை செய்ய வேண்டியவை யாவை, ஒரு பக்க அளவில் விடையளி. மதிவாணன் இரண்டு வரி எழுதியிருப்பான், எண் நான்கு அழுதது. பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து போய்த் தூக்கினான். தேர்வு முடியும் முன் அனுமதியின்றி இருக்கையை விட்டு எழுந்த குற்றத்துக்காக, குழந்தை அழுதால் செய்ய வேண்டியது தெரியாதவன் என்று ஃபெயிலாக்கப்பட்டான். மற்ற ஒன்பது பேரும் பாஸ். அவர்களுடைய பொம்மைகள் கடைசிவரை வாயே திறக்கவில்லை.

மறுநாள் ராஜாம்பாள் வந்து இறங்கினாள். மதிவாணன் வில்லையைக் கழற்றி ரப்பர் பொம்மையின் காலில் கட்டி ஸ்டோரில் ஒப்படைத்தான். பழுது தானாகவே நீங்கிவிட்டதாகக் கலியமூர்த்தி எழுதிக்கொண்டார்.

போனில் இருந்த பேச்சு பக்கத்து வீட்டுக்குப் போனது, அங்கிருந்து பிளாக் முழுக்கப் பரவியது. பச்சைப் பிள்ளை இருக்கும் வீட்டிலெல்லாம் தொட்டிலுக்குப் பக்கத்தில் கோபாலகிருஷ்ணன் குரல். ஊழியர்கள் ஓய்வு நேரத்திலும் தம் உரையை விரும்பிக் கேட்பதாக அவர் அறிக்கை அனுப்பினார். அவருக்குப் பதவி உயர்வு வந்தது.

மூன்றாவது மாதம். பண்ருட்டிக்கு ராஜாம்பாள் திரும்பிப் போய்விட்டாள். நைட் ஷிஃப்ட் முடித்துவந்த மதிவாணன் மத்தியானம் தொட்டிலுக்குப் பக்கத்தில் படுத்து, மகளைத் தூங்க வைக்கப் போனைப் போட்டுவிட்டான். 'குழந்தை வளர்ப்பில் தந்தையின் பங்கு இன்றியமையாதது' என்று அது தொடங்கியது. மகளுக்கு அந்தக் குரல் பழகிவிட்டிருந்தது. கொட்டக் கொட்ட விழித்திருந்து, பிறகு வீறிட்டாள். மதிவாணன் குறட்டை விட்டான். பக்கத்து வீட்டிலும் அதே குரல், அதே அழுகை, அதே குறட்டை.

அடுப்பை அணைத்துவிட்டு வந்த வெண்மதி மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கணவன் படுத்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

"உங்கப்பாவுக்கு இப்ப பரீட்ச வெச்சா பாஸாயிடுவாருடி" என்றாள்.